'ஏ' எழுத்து டயரும் கெலுகோர் ரவுண்டபவுட்டும்

ஓய்வு பெற்ற பிறகும் டயர் என்னை விட்டபாடில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பேன். எதிர் வரிசைக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அண்ணே, டயர் சைடுல நம்பரும் எழுத்தும் போட்டிருக்கானே, அத நம்புறதா? இல்ல மோட்டார் பத்திரிகையில டெஸ்ட் பண்ணிப் போடுறானே, அத நம்புறதா?" என்று ஆரம்பித்துவிடுவார். போன மாதம் என் பழைய கம்பெனி ஓட்டுநர்கள் சிலர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கம்பெனி வேறு டயருக்கு மாறப்போகிறதாம். டயரில் ஒன்று போட்டிருக்கிறதாம், பத்திரிகையில் வேறு போட்டிருக்கிறதாம். "நீங்க ஒரே வார்த்தையில சொல்லிடுங்கண்ணே லா" என்றார்கள்.

ஒரே வார்த்தையில் எதையும் சொல்லத் தெரிந்த ஆள் இல்லை நான். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிற்கும் இடம் வரை போய், பூட்டினோமா என்று சந்தேகம் வந்து, திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவன். அதனால் அவர்களுக்கு நாதனின் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள், கோப்பி குடித்தார்கள், போகும்போது இதை எழுதி வையுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். இலக்கணப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். படிப்பு அவ்வளவுதான்.

நான் பிறந்தது சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டேன். மண்டையில் ஏறவில்லை என்று சொல்ல முடியாது. பரீட்சை என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே வயிற்றைக் கலக்கும், அதுதான் காரணம். பட்டர்வொர்த்தில் ஒரு சீனர் டயர் கடையில் சேர்ந்து, இரும்புக் கம்பியால் டயரை நெம்பிக் கழற்றவும் டியூப் ஒட்டவும் காற்று பிடிக்கவும் கற்றுக்கொண்டேன். எழுபதுகளின் நடுவில் பெர்ரி ஏறிக் கடல் தாண்டி, தீவிலிருக்கும் ஜார்ஜ்டவுனுக்கு வந்து, சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டுநரோடு கார் விடும் ஒரு கம்பெனியில் டயர் வேலைக்குச் சேர்ந்தவன், ஓய்வு பெறும் வரை அதே பட்டறையில்தான் இருந்தேன். விமான நிலையத்தில் ஆட்களை ஏற்றி பத்து பெரிங்கி ஹோட்டல்களில் இறக்குவது, தீவைச் சுற்றிக் காட்டுவது, இதுதான் எங்கள் கார்களின் பிழைப்பு.

கம்பெனி ஒரு சீனத் தவுக்கேயுடையது; முதலாளியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் எப்போதாவதுதான் தலைகாட்டுவார். எல்லாம் பார்த்துக்கொண்டது மேனேஜர் ஞானம் ஐயா. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அவர் அப்பா ரயில்வேயில் கிராணியாக, அதாவது கிளார்க்காக, இருந்தவர். ஞானம் ஐயா வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை. டயரைத் தொட வேண்டியிருந்தால், முதலில் கைக்குட்டையை எடுத்து ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்வார். தொட்டுப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை அழுக்கு உள்ளே போகும்படி நாலாக மடித்து இடது பையில் வைப்பார். சுத்தமானது வலது பையில் இருக்கும். அதட்டிப் பேச மாட்டார். எங்களை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் 'நீங்கள்' ஆகிவிடுவோம். "பெருமாள், நீங்கள் கொஞ்சம் உள்ளே வாருங்கள்" என்று அவர் சொல்லிவிட்டால், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

சேர்ந்த புதிதில் ஒன்று நடந்தது. எங்களிடம் ஒரு வேன் இருந்தது. அதன் டயர் ஓரத்தில் 'எட்டு பிளை ரேட்டிங்' என்று ஆங்கிலத்தில் அச்சுக் குத்தியிருக்கும். பிளை என்றால் ரப்பருக்குள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் துணி அடுக்கு. அந்த டயர் ஒன்று வெடித்துவிட்டது. வெடித்த டயரைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. ஹேக்சா வாளால் குறுக்கே அறுத்து அடுக்குகளை எண்ணினேன். நாலுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். நாலுதான். அறுத்த துண்டைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன்.

"ஐயா, ஏமாத்திட்டானுங்கய்யா! எட்டுன்னு போட்டுட்டு நாலு வச்சிருக்கான்!"

ஞானம் ஐயா கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஒவ்வோர் அடுக்காகத் தொட்டு எண்ணினார்.

"நாலுதான், நீர் சொல்லுறது சரி. ஆனா உதில எட்டு எண்டு மட்டுமோ போட்டிருக்கு? எட்டு ரேட்டிங் எண்டெல்லோ போட்டிருக்கு. பழைய காலத்துப் பருத்தித் துணி எட்டு அடுக்கு எவ்வளவு தாங்குமோ, இந்த நைலோன் நாலு அடுக்கு அவ்வளவு தாங்கும் எண்டு அர்த்தம்."

"அப்ப அவனே சொல்லிக்கிறதுதானாய்யா?"

"ஓம். அவன் சொல்லிக்கொள்ளுறதுதான்." துண்டை என்னிடம் திருப்பித் தந்தார். "பெருமாள், நீர் படுற கவலை எனக்கு இன்சூரன்ஸ் மாதிரி. கவலைப்படுறதை விட்டுடாதையும்."

வாழ்க்கையில் என் கவலையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. மனைவி இன்றுவரை நம்பவில்லை.

இனி நாதன். எங்கள் ஓட்டுநர்களில் அவனைப்போல் கார் ஓட்டத் தெரிந்தவனும் இல்லை, அவனைப்போல் அளப்பவனும் இல்லை. கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் ஒரே வீரக் கதைதான். தெலுக் பஹாங் கடலோர வளைவுகளை எந்த வேகத்தில் எடுத்தான், எந்த ஜெர்மன்காரன் "நீ ரேஸ் ஓட்ட வேண்டியவன்" என்று முதுகில் தட்டினான் என்று ஓடும். எனக்கு அவன் கதைகளைவிட அவன் டயர்கள்தான் கவலை. மற்ற கார்களின் டயர்கள் சமமாகத் தேயும். அவனுடையது வெளி ஓரத்தில் தேயும். வளைவுகளை வேகமாக எடுக்கிறவர்களின் டயர்தான் அப்படித் தேயும்.

எண்பதுகளின் நடுவில் தவுக்கே வெளிநாட்டு டயர் ஒரு கொள்கலன் நிறைய மலிவாக வாங்கினார். எங்கள் ஊரில் செய்த பழைய டயர்களில் அளவைத் தவிர ஒன்றும் எழுதியிருக்காது. இந்தப் புது டயர் ஓரத்தில் ஒரு பெரிய எண்ணும் இரண்டு எழுத்துகளும் இருந்தன. எண், எவ்வளவு தூரம் தேயாமல் ஓடும் என்பதற்கு. முதல் எழுத்து, ஈர ரோட்டில் பிடிப்புக்கு. இரண்டாவது, சூடு தாங்குவதற்கு. அமெரிக்க அரசாங்கம் சொன்ன முறைப்படி, டயர் செய்த கம்பெனியே சோதித்துத் தானே குத்திக்கொள்வது. எங்கள் டயரில் ஈரப் பிடிப்புக்கு 'ஏ' போட்டிருந்தது. பட்டறைக்கே பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய சந்தோஷம்.

மாட்டிக் கொஞ்ச நாளில் ஒரு மழை மாலை. நாதன் ஒரு ஆஸ்திரேலியத் தம்பதியை ஏற்றிக்கொண்டு தெலுக் பஹாங்கில் இருந்து பத்து பெரிங்கிக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். ஒரு வளைவில் கார் வழுக்கி ரோட்டைத் தாண்டி, ஜாதிக்காய்ச் சாறு விற்கும் கடையின் மரப் பெஞ்சில் மெல்ல முட்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஊறவைத்த ஜாதிக்காய்ப் போத்தல்கள் சில உருண்டன. ஆனால் அந்த அம்மா பயந்துபோய் ஹோட்டலில் அழுதுவிட்டார். ஹோட்டல்காரர்கள் தவுக்கேயிடம் கேட்டார்கள். டயர் கோளாறா, ஓட்டுநர் கோளாறா?

தவுக்கே டயரின் ஓரத்தைக் காட்டினார். 'ஏ'. அதற்கு மேல் என்ன வேண்டும்? ஓட்டுநரை அனுப்பிவிடலாம்.

"சார், சத்தியமா மெதுவாதான் வந்தேன்," என்றான் நாதன். "அந்தம்மாவுக்குத் தலை சுத்தல். வாந்தி எடுத்துடுவாங்களோன்னு ஆமை மாதிரி உருட்டிக்கிட்டு வந்தேன்."

ஒருவரும் நம்பவில்லை. கோப்பிக் கடையில் அவன் சொன்ன கதைகளை எல்லோரும் கேட்டவர்கள்தானே. சுற்றுலா ஓட்டுநரை ஒரு ஹோட்டல் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், மற்ற ஹோட்டல்களும் சேர்க்காது. அவனுக்குத் தெரிந்தது இந்த ஒரு தொழில்தான்.

ஞானம் ஐயா தவுக்கேயிடம் இரண்டு வாரம் அவகாசம் வாங்கினார். நூலகத்தில் இருந்து இங்கிலாந்து மோட்டார் பத்திரிகை ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். அதே கம்பெனி டயரை அவர்கள் சோதித்திருந்தார்கள். ஈர வளைவில் சுமார்தான் என்று போட்டிருந்தது. நாதன் பத்திரிகையைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அவசரப்படாதையும்," என்றார் ஐயா. "அவையள் சோதிச்சது வேற அளவு டயர். குளிருக்குள்ள, தங்கட ரோட்டில. ரப்பர் எங்கட வெயிலுக்கு எப்படி நடக்குமெண்டு அவைக்கு என்ன தெரியும்? டயர்க்காரன் தன்ர பிள்ளையைத் தானே மெச்சுறான். பத்திரிகைக்காரன் வேற ஆரோ ஒருத்தற்ற பிள்ளையைப் பாத்துட்டுச் சொல்லுறான். நாங்கள்தான் சோதிக்கவேணும்."

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. சோதித்து டயர் நல்லது என்று வந்துவிட்டால்? நாதனை என் கையாலேயே வெளியே தள்ளியதாகிவிடும். அவன் டயர் தேய்ந்த விதம் வேறு எனக்குத் தெரியும். காலையில் அதை ஐயாவிடம் சொல்லவும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்," என்றார். "நாதன் வேகமா ஓடுறவர்தான். அண்டைக்கு ஓடினவரோ எண்டதுதான் கேள்வி."

யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தது. "நாதன் ஓட்டினா நாதனுக்குச் சாதகம். பெருமாள் ஓட்டினா கார் நகராது. நானே ஓட்டுறன்," என்றார் ஐயா. அவர் தன் பழைய மோரிஸ் காரை ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சைக்கிள்காரர்கள் மணியடித்துவிட்டு முந்திப் போவார்கள்.

இடத்தைக் கண்டுபிடித்தவன் நாதன். தைப்பூசம் முடிந்த சமயம். மழை நின்று நல்ல வெயில் காலம். ஈர ரோட்டுக்கு எங்கே போவது? "தண்ணீர்மலைக் கோயில் பக்கம் ரோடு கழுவுறாங்க சார்! ரோட்ட இன்னும் திறந்து விடல. தண்ணி லோரி ஓட்டுறவன் நம்ம கூட்டாளி. கூலி இல்லாம ரோட்ட நனைச்சுத் தருவான்." அவனும் சேர்ந்து நாங்கள் மூன்று பேரும் அவன் மூளையை மெச்சிக்கொண்டோம்.

நான் என் வழக்கப்படி ஏற்பாடு செய்தேன். உள்ளூர்ப் பழைய டயர், வெளிநாட்டுப் புது டயர் என்று இரண்டு ஜாதியையும் முன்னமே சில நாள் ஓடவிட்டு, மேலே உள்ள வழவழப்பைத் தேய்த்து எடுத்திருந்தேன். பள்ளத்தின் ஆழத்தை உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்திலும் அளந்து, இரண்டு ஜாதிக்கும் ஒரே ஆழம் இருக்கும்படி பார்த்துப் பொறுக்கினேன். காலையில் வெயில் படுமுன்பே, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பார்த்தேன். கொஞ்சம் ஓடினாலே சூட்டில் அளவு கூடிவிடும், கேஜ் பொய் சொல்லும். பின் சீட்டில் ஆஸ்திரேலியத் தம்பதிக்குப் பதிலாக இரண்டு மணல் மூட்டைகள். அவற்றுக்கு பெல்ட் போட்டேன். நாதன் ஒன்றின்மேல் தன் தொப்பியை வைத்தான். ஐயா பார்த்ததும் எடுத்துவிட்டான்.

ரோட்டில் சாக்குக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு. ஐயா நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக்கை ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். கார் எங்கே நிற்கிறதோ அதுவரை நாடா பிடித்து அளப்போம். முதலில் பழைய டயர். கார் போய்க்கொண்டே இருந்தது. நாடா போதாமல் இரண்டாவது தடவை பிடிக்க வேண்டியதாயிற்று. பிறகு நாலு சக்கரத்தையும் மாற்றிப் புது டயர். அதுவும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் வந்து நின்றது.

"ரெண்டும் ஒண்டுதான்," என்றார் ஐயா. நாதன் முகத்தில் ஈயாடவில்லை. டயரில் வித்தியாசம் இல்லையென்றால் அப்புறம் குற்றம் யார் தலையில்?

எனக்கு மனம் ஒப்பவில்லை. "ஐயா, பழைய டயர திரும்ப மாட்டி இன்னொரு தடவ பாத்துடலாமா?"

"ஏன் காணும்? பாத்தாச்சே."

"சும்மாதாங்கய்யா. பூட்டின வீட்ட இழுத்துப் பாக்கிற மாதிரி."

மறுபடி ஜேக் வைத்து, மறுபடி நாலு சக்கரம். இதற்குள் தண்ணீர் லோரி இரண்டு நடை வந்து ரோட்டைக் கழுவிவிட்டுப் போயிருந்தது. ஐயா வந்தார், மிதித்தார். கார் முதல் தடவையைவிட ஒரு கார் நீளத்துக்கு முன்பே நின்றுவிட்டது. அதே டயர், அதே கார், அதே கால். மூன்று பேரும் நாடாவைப் பார்த்தோம்.

ஐயா கீழே குந்தினார். வலது பையில் இருந்து சுத்தக் கைக்குட்டையை எடுத்து விரலில் சுற்றி, ரோட்டைத் துடைத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"தேங்காய்."

தைப்பூசத் தேருக்கு முன்னால் உடைக்கிற தேங்காய்! ரதம் வரும் வழியெல்லாம் மலை மலையாகக் குவித்து உடைப்பார்கள். அள்ளிக்கொண்டு போன பிறகும், ரதத்துக்குப் பின்னால் வந்த கூட்டமும் வண்டிகளும் மிதித்துத் தேய்த்த தேங்காய்ப் பால் தாரோடு ஒட்டிப் பிசுபிசுத்துக் கிடந்தது. நாங்கள் அளந்தது டயரின் பிடிப்பை இல்லை. தமிழன், தலைமுறை தலைமுறையாகத் தைப்பூசம் பார்த்தவன், மூன்று பேரில் ஒருவனுக்கும் இது தோன்றவில்லை.

"நாதன், உமக்கு இந்த இடம் எப்படி ஞாபகம் வந்தது?"

நாதன் தலையைச் சொறிந்தான். "நானே இங்கதான் சார் உடைச்சேன். ஒரு சாக்கு. வேல போகக்கூடாதுன்னு நேர்ந்துக்கிட்டு."

ஐயா சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காரின் பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெள்ளைச் சட்டையில் கரி பட்டதைக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வார இறுதியில் ஐயா வீட்டில் உட்கார்ந்து, டயரோடு வந்த சிறு புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து படித்திருக்கிறார். திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். 'நீங்கள்' இல்லை, 'நீர்'தான். உயிர் வந்தது.

"இதைக் கேளும். இந்த 'ஏ' எண்டது நேர் கோட்டில பிரேக் பிடிக்கிறதுக்கு மட்டும்தான். வளைவுக்கு இல்லை எண்டு அவனே பொடி எழுத்தில போட்டிருக்கிறான். நாதன் வழுக்கினது வளைவிலயெல்லோ?"

அப்படியென்றால் நாங்கள் சோதிக்க வேண்டியது வளைவு. எங்கேயும் ஓடிப் போகாத, கார் சுற்றிக்கொண்டே இருக்கக்கூடிய வளைவு. கெலுகோர் பக்கம் புதிதாக ஒரு வீடமைப்புப் பகுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். ரோடும் ரவுண்டபவுட்டும் தயார், வீடுகள் இன்னும் கூரை ஏறவில்லை. புழுதி அடக்கத் தண்ணீர் தெளிக்க பாக் மாட் என்ற மலாய்க்காரர் ஒரு லோரியோடு அங்கே இருந்தார். ரோட்டை நனைத்துத் தந்தால் அவருக்குத் தே தாரிக் டீயும் ரொட்டி சானாய் பரோட்டாவும் எங்கள் செலவு என்று பேச்சு முடிந்தது. தேங்காய் இல்லை என்று நான் நாலு பக்கமும் குனிந்து முகர்ந்து பார்த்துக்கொண்டேன்.

முதலில் நேர் ரோட்டில் பிரேக். இந்தத் தடவை சுத்தமான ரோடு. புது டயர்தான் முந்தி நின்றது, பழையதைவிடத் தெளிவாகவே முந்தி. ஆக, குத்திய 'ஏ' பொய்யில்லை. நாதன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்து வட்டம். ஐயா ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். வேகத்தை வாசித்துச் சொல்ல பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். நாதன் பொய் சொல்லக்கூடும் என்பதால் அது நான். பின்னால் மணல் மூட்டைகள், முன்னால் இரண்டு பயந்தவர்கள். பழைய டயரில் ஆரம்பித்தோம். வட்டத்தின் உள் ஓரத்தை ஒட்டியே சுற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்ட வேண்டும், கார் வெளிப்பக்கம் தள்ள ஆரம்பித்தால் அதுதான் கணக்கு.

"முப்பது ஐயா... முப்பத்தஞ்சு ஐயா... நாப்பதுங்கய்யா, போதுங்கய்யா..."

"கதையாதையும், வாசியும்."

நாற்பதைத் தாண்டித்தான் கார் வெளியே நழுவ ஆரம்பித்தது. அதுவும் முன்கூட்டியே முனகி, சொல்லிவிட்டு நழுவியது. பாக் மாட் லோரியில் இருந்து தலையை நீட்டி, "சாரி ஜாலான் கெ, என்சே?" என்று கத்தினார். இவ்வளவு நேரம் சுற்றுகிறீர்களே, வழி தெரியவில்லையா என்று கேட்கிறார். நாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

புது டயரை மாட்டினோம். பாக் மாட் ரோட்டை மறுபடி நனைத்தார். முப்பது. முப்பத்திரண்டு. "முப்பத்தஞ்சு ஐ..." என்று நான் முடிக்கவில்லை. ஒரு முனகல் இல்லை, எச்சரிக்கை இல்லை. காரின் பின்புறம் யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல் வெளியே போயிற்று. உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. கண்ணைத் திறந்தபோது நடுத் திட்டில், புதிதாக நட்டிருந்த செம்பருத்திச் செடிகளுக்குள் நின்றுகொண்டிருந்தோம். நான் என் கை கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐயா ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையைத் திருப்பாமலே சொன்னார்.

"ஓம். வழுக்குது."

பிறகு என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்களில் இருந்த வெளிச்சத்தை இன்றும் மறக்கவில்லை. "பெருமாள், நீர் வழக்கமா ரெண்டாந்தரமும் பாக்கச் சொல்லுறனீர் எல்லோ?"

வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு தடவை பார்த்ததே போதும் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. இன்னொரு தடவை போனார், அதே முப்பத்தைந்தில் வழுக்கினார். பழைய டயரை மாட்டிப் பார்த்தார், அது நாற்பது தாண்டும் வரை வழுக்காமல் பிடித்தது. அதற்குப் பிறகும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து ஒரு சுற்றுப் போனார். அது எந்தச் சோதனைக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டயரில் போட்டிருந்த அந்த எண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். பழைய டயரைவிட இரண்டு மடங்கு ஓடும் என்று நாங்கள் அந்த எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தோம். பிற்பாடு நான் அளந்து பார்த்ததில் கொஞ்சம் கூடுதலாக ஓடியது, அவ்வளவுதான். ஒரே டயரை இரண்டு ஓட்டுநரிடம் கொடுத்தால் வருகிற வித்தியாசம், இரண்டு டயரை ஒரே ஓட்டுநரிடம் கொடுத்தால் வருவதைவிடப் பெரிது. அதனால் இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓரத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள், அது எதைச் சோதித்து வந்தது என்று கேளுங்கள். பத்திரிகையையும் படியுங்கள், அவர்கள் எந்த ரோட்டில் எந்த அளவு டயரைச் சோதித்தார்கள் என்று பாருங்கள். அப்புறம் நீங்கள் தினம் போகும் ரோடு எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். கடைசியாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை காற்று பாருங்கள்.

தவுக்கேயிடம் சொல்ல வேண்டிய நாள் வந்தது. மாடியில் அவர் அறையில் நாங்கள் நாலு பேர். ஞானம் ஐயா மேசைமேல் கையை வைத்து, நிதானமாக மலாயில் எல்லாவற்றையும் விளக்கினார். டயர் நேர் ரோட்டில் நல்ல டயர், பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஈர வளைவில் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். ஆகையால் விமான நிலையத்தில் இருந்து டவுனுக்கு ஓடும் கார்களுக்குப் புது டயர், கடலோர வளைவுகளில் ஓடும் கார்களுக்குப் பழைய டயர் என்று பிரித்துவிடலாம். நாதன் மேல் குற்றமில்லை.

தவுக்கே யோசித்தார். "நீங்க வழுக்கினப்ப என்ன வேகம்?"

"முப்பத்தைந்து. அந்தக் கடலோர வளைவு எங்கட வட்டத்தைவிடக் கொஞ்சம் அகலம். நாற்பதுக்கு மேல போயிருக்கத் தேவையில்லை."

"நாற்பதா?" தவுக்கே நாதனைப் பார்த்துப் புன்னகைத்தார். "நீ அவ்வளவு மெதுவாவா ஓட்டுவே?"

இந்த இடத்தில் நாதன் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். தலையை ஆட்டியிருந்தாலே போதும். ஆனால் நாற்பது என்று சொன்னதும் அவன் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"நாப்பதா? தவுக்கே, அந்த வளைவ நான் எழுபதுல எடுக்கிற ஆளு. அன்னைக்கும் எழுபதுக்குக் கொறஞ்சா வந்திருப்பேன்?"

மணல் மூட்டை, தேங்காய்ப் பால், செம்பருத்திச் செடி எல்லாம் வீண். நாதனுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தான் சொன்னது உறைத்தது. தவுக்கே நாற்காலியில் நேராக உட்கார்ந்தார்.

ஞானம் ஐயா மட்டும் அசையவில்லை.

"தவுக்கே, இவர் சொல்லுறதை நம்பவேண்டாம்," என்றார். "எழுபதில வந்திருந்தா அந்த டயரோட கார் பெஞ்சில முட்டி நிண்டிராது. கடையையும் தாண்டிக் கடலுக்குள்ள போயிருக்கும். பெஞ்சு முறியக்கூட இல்லை. நான் வழுக்கிப் பாத்தனான், எனக்குத் தெரியும். அண்டைக்கு இவர் ஒரு கிழவியைப் போலத்தான் ஓட்டி வந்திருக்கிறார். இப்ப பெருமைக்குச் சொல்லுறார்."

தவுக்கே நாதனைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "பெத்துல் கெ?" நிஜமா என்று கேட்டார்.

"நிஜம்தான் தவுக்கே. அந்தக் கார்ல நானும் உக்காந்திருந்தேன்," என்றேன்.

தவுக்கே மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஹோட்டலுக்கு அப்போதே போன் போட்டு, டயர் கோளாறு, ஓட்டுநர் மிக மிக மெதுவாக ஓட்டுகிறவர், எங்கள் மேனேஜர் சோதித்துப் பார்த்துவிட்டார் என்று சொன்னார். 'மிக மிக மெதுவாக' என்பதை இரண்டு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் நாதன் தோள் ஒரு அங்குலம் இறங்கியது.

படியிறங்கும்போது அவன் தோளில் கை போட்டேன். வேலை மிச்சம், ஹோட்டல் மிச்சம், சந்தோஷமாக இருப்பான் என்று நினைத்தேன். பாதிப் படியில் நின்றுவிட்டான்.

"வேலைய காப்பாத்திட்டாரு, சரி, கும்பிடுறேன். ஆனா கிழவி மாதிரின்னு சொல்லிட்டாரேண்ணே! அதுவும் சோதிச்சுப் பாத்துட்டு சொல்றாரு. இனி கோப்பிக் கடையில நான் என்ன சொன்னாலும் எவன் நம்புவான்?"